டிரில்லிங் பிரிவில் கையுறை வேண்டாம்

போன வாரம் குமணன்சாவடியில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தேன். சமையலறைக் குழாய்க்கு வாஷர் வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர் அப்போதுதான் வந்திறங்கிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்தார். உள்ளே ரப்பர் கையுறைகள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தூவிய வெள்ளை மாவும் புது ரப்பரும் கலந்த வாசனை குப்பென்று எழுந்தது. என்ன சைஸ் வாஷர் என்று அவர் கேட்டிருக்கிறார். திரும்பவும் கேட்டிருக்கிறார். என் காதில் விழவில்லை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், நம் தொழிற்சாலையின் முதலுதவி அறையில், உன் மேசைக்கு எதிரே கிடந்த அந்த ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னோடு மனதுக்குள் பேசுவதை நான் நிறுத்தவில்லை. எழுதத்தான் இல்லை. தட்டச்சிலேயே பழகிய கை, பேனாவைப் பிடித்தால் இன்றும் தடுமாறுகிறது. எழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

எண்பதுகளின் கடைசியில் நீ அங்கே நர்ஸாக வந்தாய். லாரி பிரேக்குக்கான சின்னச் சின்ன இரும்புப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. நான் அதற்கு முன்பிருந்தே அங்கே டைப்பிஸ்ட். மண்ணூர்பேட்டையில் வீடு, நடந்தே வந்துவிடுவேன். நீ ஆவடியில் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, புழுதியில் நடந்து வருவாய். வந்ததும் முதல் வேலையாகச் செருப்பைத் துடைப்பாய். உன் அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நீ குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் எங்களைப் போலத்தான் பேசுவாய். கோபமோ பிரியமோ மிஞ்சும்போது மட்டும் அப்பாவின் ஊர்ப்பேச்சு வந்துவிடும். அப்போது நான் உனக்கு "ஏட்டி" ஆகிவிடுவேன்.

எல்லோரும் உன்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வெள்ளைப் புடவையையும் கழுத்துச் சிலுவையையும் பார்த்து, உன்னைக் கன்னியாஸ்திரி என்றே, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்காரர்கள் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். உன் கல்யாணப் பத்திரிகை வந்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அது பிறகு. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய வருடத்துக் கதை.

தொண்ணூறுகள் தொடங்கியிருந்த சமயம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நம்மிடம் பாகங்கள் வாங்க விரும்பியது. வாங்குவதற்கு முன் அவர்களுடைய ஆள் ஒருவர் நேரில் வந்து தொழிற்சாலையைப் பார்ப்பார் என்றும், அவர் வரும்போது ஒரு ஆவணம் தயாராக இருக்க வேண்டும் என்றும் சொல்லி, மாதிரி ஒன்றை அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் என்ன வேலை நடக்கிறது, அதில் உடம்பின் எந்தப் பாகத்துக்கு என்ன ஆபத்து, அதைத் தடுக்கத் தொழிலாளிக்கு என்ன பாதுகாப்புச் சாதனம் தர வேண்டும் என்று எழுத வேண்டும். கடைசியில், இதை நேரில் பார்த்து மதிப்பிட்டவர் யார் என்று பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, எல்லாப் பிரிவுக்கும் கையுறை, கண்ணாடி, பூட்ஸ் என்று ஒரே மாதிரி அடித்துவிடச் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை, உனக்கும் தெரியும். உற்பத்தி, மின்வெட்டு, தலைமை அலுவலகத்திலிருந்து ஓயாத தொலைபேசி என்று அலைக்கழிந்துகொண்டிருந்தவர். அவருக்கு அது இன்னொரு காகிதம். எனக்கும் அப்படித்தான். காயங்களைப் பற்றிய ஒரு பத்தியை மட்டும் உன்னிடம் கேட்டு நிரப்பலாம் என்று மாதிரியை எடுத்துக்கொண்டு உன் அறைக்கு வந்தேன்.

நீ அதை முழுக்கப் படித்தாய். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தாய்.

"நேர்ல பாத்தவர்னு போட்டிருக்கு. யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை என்றேன்.

"அப்ப பாப்போம். வா ஏட்டி."

மேனேஜரிடம் நீயே போய்க் கேட்டாய். உற்பத்தி ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவர் ஒத்துக்கொண்டார். அதிலிருந்து மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு நாம் இருவரும் ஒவ்வொரு பிரிவாகப் போனோம். அத்தனை வருடம் அங்கே வேலை பார்த்தும் நான் அலுவலகக் கதவைத் தாண்டி உள்ளே போனது சம்பள நோட்டீஸ் ஒட்டவும் ஆயுத பூஜைக்கும்தான். ஒரு பொருள் எங்கெங்கே போய் எப்படி உருவாகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். நீ என்னைப் பேச விடவில்லை. "முதல்ல கொஞ்ச நேரம் சும்மா நில்லு. அவங்க நம்மள மறக்கட்டும்" என்பாய். நம் வருகைக்காக நிமிர்ந்தவர்கள் மெல்லப் பழையபடி குனிந்து வேலையில் ஆழ்ந்த பிறகுதான் நீ பார்க்கவே தொடங்குவாய்.

முலாம் பூசும் பிரிவில் ஆசிட் தொட்டிகளுக்குப் பக்கத்தில் பெண்கள் பாகங்களை அலசிக்கொண்டிருந்தார்கள். கையுறைகள் ஆணியில் தொங்கின. கைகள் வெறுமையாக இருந்தன. நான் உடனே, கொடுத்தும் போடுவதில்லை என்று எழுதப் போனேன். நீ என் பென்சிலைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஒரு அம்மாவிடம் ஏன் போடவில்லை என்று விசாரித்தாய்.

"போட்டா சாமான் வழுக்கிகினு தொட்டில வுழுந்துடுது சிஸ்டர்," என்றார் அவர். "அத்த எடுக்க அப்பால வெறுங்கையத்தான் வுடணும்."

ஆணியிலிருந்து ஒன்றை எடுத்து நீயே மாட்டிப் பார்த்தாய். ஆம்பளைக் கைக்குச் செய்த கையுறை. உன் விரல்களுக்கு அப்பாலும் ரப்பர் தொங்கியது. மறுநாள் பழைய கடிதத் தாள்களை என்னிடம் கேட்டு வாங்கிப் போய், அவற்றின் பின்பக்கத்தில் அந்தப் பெண்கள் ஒவ்வொருவரின் கையையும் பதித்து, சுற்றிலும் பென்சிலால் கோடு வரைந்தாய். வளையல் வியாபாரி மாதிரி இருக்கிறாய் என்று அவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் வெட்கப்பட்டு, வெடித்த நகத்தை மறைக்க விரலை மடக்கிக்கொண்டாள். நீ அந்த விரலை மெதுவாக நீட்டிவிட்டு வரைந்தாய். கையுறை அளவுகள் அந்தக் கோடுகளிலிருந்து வந்தன.

பிரஸ் ஷாப்பில் சத்தம். அங்கே ஒரு பெரியவரைப் பற்றி, எதற்கும் பதில் சொல்லாத திமிர் பிடித்த ஆள் என்று சூப்பர்வைசர் நம்மிடம் சொல்லி வைத்திருந்தார். அவர்களுடைய சாப்பாட்டு இடைவேளையில், மெஷின்கள் நின்றிருந்தபோது, நீ அவருக்குப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டாய். அவர் திரும்பவில்லை. முன்னால் வந்து கூப்பிட்டாய். எழுந்து நின்று வணக்கம் சொன்னார். வெளியே வந்ததும், "திமிரில்லடி, காது" என்றாய்.

அடுத்தது டிரில்லிங் பிரிவு. அதைப் பற்றி எழுதுவது மிகச் சுலபம் என்று நாம் இருவருமே நினைத்தோம். துளை போடும்போது வெளியே வரும் இரும்புச் சுருள் பிளேடு மாதிரி இருக்கும். அதைத் தட்டிவிடும்போது கையைக் கிழிக்கும். உன்னிடம் கட்டுப் போட வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிரிவுக்காரர்கள்தான். ஆகவே, உள்ளே போய்ப் பார்ப்பதற்கு முன்பே உன் அறையில் உட்கார்ந்து எழுதிவிட்டோம்: டிரில்லிங், கைக்கு ஆபத்து, கையுறை அவசியம், அவரவர் அளவுக்குப் பொருத்தமான கையுறை. அளவு பற்றிய வரியைச் சேர்த்தது நீ. முலாம் பிரிவில் கற்றுக்கொண்ட பாடம் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டாய்.

இதற்கிடையில், நாம் முடிப்பதற்காக மேனேஜர் காத்திருக்கவில்லை. மொத்தமாக நூல் கையுறைகள் வந்து இறங்கின. எல்லாம் ஒரே அளவு. எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டது. கையுறை இல்லாமல் உள்ளே நுழைந்தால் மெமோ என்று கேட்டில் நோட்டீஸ். அந்த நோட்டீஸை அடித்ததும் நான்தான்.

எழுதியாகிவிட்டது, இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று அன்றைக்கு டிரில்லிங் பிரிவுக்குப் போனோம். ஏகாம்பரம் மெஷினில் நின்றிருந்தார். சிறுத்த உடம்பு, சின்னக் கை, நாற்பதை நெருங்கிய வயது. உன்னைப் பார்த்ததும் கையுறை போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "இன்னா சிஸ்டர், போட்டுகினு கீறேன் பாத்துக்கோ" என்று சிரித்தார். வழக்கம்போல அவர் நம்மை மறக்கும்வரை நின்றோம். அவர் துளை போட்டார், சுருள் வந்தது, தட்டிவிட்டார். மறுபடி துளை, மறுபடி சுருள்.

பிறகு நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. யாருமே பார்த்திருக்க முடியாது. சுழன்றுகொண்டிருந்த டிரில், கையுறையின் பிரிந்த நூல் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் பார்த்தபோது கையுறை ஏகாம்பரத்தின் கையில் இல்லை. டிரில்லில் முறுக்கிக்கொண்டு, கறுப்பு உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மெஷின்காரர் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். ஏகாம்பரம் தன் வெறுங்கையை யாருடைய கையோ மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாய். தோல் சிவந்திருந்தது. நடுவிரல் சுளுக்கியிருந்தது. அவ்வளவுதான்.

"பெர்சா இருந்துச்சா சிஸ்டர், அதான் கைய வுட்டு கயண்டுகிச்சு," என்றார்.

"அளவா இருந்திருந்தா?"

அவர் டிரில்லில் சுற்றியிருந்த கறுப்பு உருண்டையைத் திரும்பிப் பார்த்தார். அவர் கையை விடாமல் அப்படியே முதலுதவி அறை வரை கூட்டிக்கொண்டு வந்தாய். விரலுக்குக் கட்டுப் போட்டு, தேநீர் வரவழைத்துக் கொடுத்து, அவரை அனுப்பிய பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாய்.

"நாம எழுதினத அழிட்டி," என்றாய். "டிரில்லிங்ல கையுறை வேண்டாம். போடவே கூடாது."

வந்து பார்க்கப்போகிற ஆளிடம் என்ன சொல்வது, கைக்குப் பாதுகாப்பு கட்டாயம் என்று அவர்கள் மாதிரியிலேயே இருக்கிறதே என்றெல்லாம் நான் இழுத்தேன். நீ எழுந்து, மருந்து வாளியைக் காலி செய்து எடுத்துக்கொண்டு நேராக டிரில்லிங் பிரிவுக்குப் போனாய். ஒவ்வொருவரிடமும் கையுறையைக் கழற்றி வாங்கி வாளியில் போட்டுக்கொண்டாய். சுருளைத் தட்டக் கை வேண்டாம், பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள், மெஷினை நிறுத்திவிட்டுத் தட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனாய். சூப்பர்வைசர் பின்னாலேயே வந்து, இது மேனேஜர் உத்தரவு, இது மேனேஜர் உத்தரவு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ அவரோடு சண்டை போடவில்லை. கையுறைகளை உன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினாய்.

அன்று மாலை பட்டரவாக்கம் ஸ்டேஷன் வரை உன்னோடு வந்தேன். உன் நிலைமை எனக்குத் தெரியும். நீ அப்போது டெம்பரரி. அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, ஆவடியில் வாடகை வீட்டுக்கு மாறியிருந்தீர்கள். உன் கல்யாணத்துக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சாவியை மேனேஜர் மேசையில் வைத்துவிடு, எழுத வேண்டியதை மட்டும் எழுதுவோம் என்று கெஞ்சினேன். ரயில் வருகிற சத்தம் கேட்டது. நீ பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினாய்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயந்துகிட்டேதான் வச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு ரயிலேறினாய்.

இத்தனை வருடத்தில் தைரியம் என்ற பேச்சு எங்கே வந்தாலும் எனக்கு நினைவுக்கு வருவது அன்று ரயிலில் மகளிர் பெட்டியின் வாசலில் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நின்ற நீதான்.

மறுநாள் காலை எதிர்பார்த்தபடியே ஆனது. கையுறை இல்லாத டிரில்லிங் ஆட்களை வாட்ச்மேன் கேட்டில் நிறுத்திவிட்டார். பிரிவு தொடங்கவில்லை. மேனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் மாதிரி ஆவணம் விரித்துக் கிடந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"சிஸ்டர், நீங்க இன்னும் டெம்பரரி. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"அலமாரிச் சாவியக் குடுங்க."

"தர்றேன் சார். ஒரே ஒரு தடவ டிரில்லிங் வரைக்கும் வாங்க. பாத்துட்டும் நீங்க கேட்டா, அங்கயே தர்றேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏனோ தலையை ஆட்டினேன். எழுந்து வந்தார்.

நீ முன்பே எல்லாம் யோசித்து வைத்திருந்தாய். அலமாரியிலிருந்து ஒரு கையுறையை எடுத்து, எண்ணெய் துடைக்கும் பனியன் வேஸ்ட்டை விரல் விரலாகத் திணித்தாய். அது ஒரு முழுக் கை மாதிரி ஆயிற்று. அதைத் துடைப்பக்கட்டை ஒன்றின் முனையில் இறுக்கிக் கட்டினாய். கேட்டில் நின்றிருந்த ஏகாம்பரத்தை வரவழைத்து மெஷினை ஓட்டச் சொன்னாய். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பொய்க்கையை சுழலும் டிரில்லை நோக்கி மெதுவாக நீட்டினாய். சுருளைத் தட்டிவிடப் போகிற கை மாதிரி.

தொட்டதுதான் தெரியும். பொய்க்கை முறுக்கிக்கொண்டு மேலே ஏறியது. கட்டை உன் பிடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், மெஷின் தூணில் அடித்து, இரண்டாக முறிந்தது. கையுறையின் விரல்கள் பிய்ந்து, பனியன் துணி நாலாபக்கமும் பறந்தது. ஏகாம்பரம் மெஷினை நிறுத்தினார்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏகாம்பரத்தைப் பக்கத்தில் கூப்பிட்டு, கட்டுப் போட்ட விரலையும் மற்ற விரல்களையும் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பியும் பார்த்தார்.

"எழுதுங்க," என்றார் உன்னிடம். "ஆனா ஏன் போடக்கூடாதுன்னு தெளிவா எழுதுங்க. கேட்டா நான் பதில் சொல்லணும்."

சாவியை அவர் கேட்கவில்லை. கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைத் தானே போய்க் கிழித்தார்.

அதற்குப் பிறகு நாம் எழுதியதுதான் எனக்குப் பிடித்த ஆவணம். முன்பு எழுதிய எல்லாப் பிரிவுகளுக்கும் திரும்பப் போனோம். பார்த்ததற்கும் எழுதியதற்கும் இடையில் இடைவெளி இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியையும் அந்தந்த இடத்தில் நின்று படித்தோம். நீ சொல்வாய், நான் எழுதுவேன்; நான் படிப்பேன், நீ மெஷினைப் பார்ப்பாய். வரப்போகிறவருக்கு ஆங்கிலத்தில் ஒன்று. அது போதாது என்று நீ தமிழிலும் கேட்டாய். ஒவ்வொரு பிரிவின் சுவரிலும் அந்தப் பிரிவுக்குரிய பக்கத்தை ஒட்ட வேண்டும், ஆபத்து யாருக்கோ அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்றாய். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் காரணம் இருந்தது. "ஏன்னு எழுதலன்னா அது வெறும் மிரட்டல்டி" என்பாய். டிரில்லிங் பக்கத்தில் நாம் எழுதியது இன்றும் எனக்கு மனப்பாடம்: "இங்கே கையுறை அணியாதீர்கள். சுழலும் டிரில் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். சுருளை மெஷின் நின்ற பிறகு பிரஷால் தள்ளுங்கள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுங்கள்."

கடைசிப் பக்கத்தில் மதிப்பிட்டவர் பெயர். அந்தக் காலத்தில் டைப்பிஸ்டின் பெயர் எந்தத் தாளிலும் வராது. கடிதத்தின் இடது ஓரத்தில், அடியில், சின்ன எழுத்தில் இரண்டு முதலெழுத்து, அதுதான் நாங்கள். நான் உன் பெயரை மட்டும் அடித்துக் கொண்டுவந்தேன். நீ அந்தத் தாளை டைப்ரைட்டரில் திரும்பச் செருகி, ஒற்றை விரலால் தேடித் தேடி, உன் பெயருக்குக் கீழே என் பெயரை அடித்தாய். ஒரு எழுத்து வரியை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. டைப்பிஸ்ட் பெயர் எதற்கு என்று மேனேஜர் கேட்டதற்கு, "அவங்களும் பாத்தாங்க சார்" என்றாய். அவர் மேலே எதுவும் கேட்காமல் கையெழுத்திட்டார்.

வெளிநாட்டுக்காரர் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். உயரமான மனிதர், வியர்வையில் நனைந்து, நம் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவாக ஒத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். டிரில்லிங்கில் நின்றுவிட்டார். வெறுங்கைகளைக் காட்டி ஏதோ கேட்டார். மேனேஜர் முன்னால் வந்து விளக்கத் தொடங்கினார். சும்மா விளக்கவில்லை. ஒரு கையைத் துடைப்பக்கட்டையாக நீட்டி, இன்னொரு கையை டிரில்லாகச் சுழற்றி, கட்டை முறிந்த சத்தத்தை வாயால் செய்து, அப்படியே நடித்துக் காட்டினார். நாம் தூணுக்குப் பின்னால் நின்று சிரிப்பை அடக்கப் பட்ட பாடு. வந்தவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, இரண்டு பெயர்களையும் தடுமாறிப் படித்தார். மேனேஜர் திரும்பி நம்மைக் கூப்பிட்டார். "இவங்கதான்" என்றார்.

இவங்கதான். அந்த ஒரு சொல்லை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் என் வீட்டுக்காரரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

ஆர்டர் வந்தது. உன் வேலையும் நிரந்தரமாயிற்று. எழுதிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பிரஸ் ஷாப்பில் காதடைப்பான் வந்தும் பலர் அதைச் சட்டைப்பையில்தான் வைத்திருந்தார்கள். அந்தப் பெரியவருக்குப் போன காது திரும்பவில்லை. நீ விடாமல் போய்க்கொண்டே இருந்தாய். சிலர் உனக்காகவே போட்டுக்கொண்டார்கள். முலாம் பிரிவுப் பெண்கள் தங்கள் அளவுக் கையுறையை வேறு யாரும் எடுத்துவிடாமல் இருக்க, அதன் மேல் பேனாவால் பெயர் எழுதி வைத்துக்கொண்டதைப் பார்த்து உனக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, அது போதும்.

எஸ்டேட்டில் விஷயம் பரவியது. பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து நம் ஆவணத்தின் நகல் கேட்டு வந்தார்கள். நகல் தர மாட்டேன், வேண்டுமானால் உங்கள் இடத்துக்கு வந்து எப்படிப் பார்ப்பது என்று காட்டுகிறேன் என்று நீ சொல்ல, மேனேஜரும் அனுமதி கொடுத்தார். இரண்டு பெண்கள் அட்டையும் பென்சிலுமாக மெஷின்களுக்கு நடுவே வந்து நிற்பதை அந்த ஆட்கள் முதலில் வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். நீ கவலைப்படவே இல்லை. அவர்கள் நம்மை மறக்கும்வரை நின்றுகொண்டிருந்தாய்.

பிறகு உனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டாய். நான் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன். கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டு முறுக்கு வரும், பொங்கலுக்கு நான் கரும்போடு வருவேன். உன் இதயம் இவ்வளவு சீக்கிரம் களைத்துவிடும் என்று உன் பரிசோதனைகள் எதுவும் நமக்குச் சொல்லவில்லை.

உன் அடக்கத்துக்கு டிரில்லிங் பிரிவுக்காரர்கள் வந்திருந்தார்கள். யார் சொல்லியனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் வயதாகியிருந்தது. ஏகாம்பரம் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். கல்லறையில் கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார். வெளியே வந்து மரத்தடியில் நிற்கும்போது, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"சிஸ்டர் அன்னிக்கு கிளவுச புடுங்கிகினு போகசொல்ல நான் மனசுக்குள்ள திட்டுனேம்மா. கேட்ல நிக்க வெப்பாங்களேன்னு. அந்தத் தொடப்பக்கட்டைய பாத்தப்புறம் கொஞ்ச நாளு சோறே எறங்கல. ரிட்டையர் ஆவுற வரிக்கும் இந்தக் கையாலதான் வேல பாத்தேன். எம்பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணசொல்ல தார வாத்துக் குடுத்ததும் இந்தக் கையாலதான்."

உன் கடைசி மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. வீட்டில் நீ சொன்னதே இல்லை என்றான். அங்கேயே அவனை உட்கார வைத்து, வாளியில் தொடங்கி வெளிநாட்டுக்காரர் வரை முழுவதையும் சொன்னேன். என் அம்மாவா, என் அம்மாவா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஆமாம், உன் அம்மாதான் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அழ வந்த இடத்தில் அப்படி நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது மாலையில் எஸ்டேட் பக்கம் நடக்கப் போகிறேன். டாக்டர் சொன்னதற்காக என்று வீட்டில் நினைக்கிறார்கள். ஷிப்ட் விடுகிற நேரமாகப் பார்த்துத்தான் கிளம்புகிறேன். தொழிற்சாலை கேட் திறந்ததும் கூட்டமாக வெளியே வருவார்கள். இப்போதெல்லாம் பாதிப் பேர் வடக்கத்திப் பிள்ளைகள். சோற்றுப் பை பிடித்த கை, செல்போன் பிடித்த கை, சினேகிதன் தோளில் போட்ட கை, பேருந்துக் கம்பியை எட்டிப் பிடிக்கிற கை. முகங்களை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. விரல்களைப் பார்க்கிறேன். எல்லாம் இருக்கின்றனவா என்று, உன்னைப் போலவே, அவர்கள் என்னைக் கவனிக்காதபடி ஓரமாக நின்று பார்க்கிறேன். கடைசி ஆளும் பேருந்தில் ஏறிய பிறகுதான் வீட்டுக்குத் திரும்புகிறேன்.